காலில் இருந்த பிளேட்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததற்கு என் தோள்பட்டைதான் காரணம். வலது கையைக் காதுக்கு மேல் தூக்க முடியாமல் ஆறு வாரம் பிசியோதெரபி அறைக்குப் போனேன். பக்கத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தவள் இதைத் துண்டு துண்டாகச் சொன்னாள். நகராத சைக்கிள்தான். ஆனால் எங்கேயோ போய்ச் சேர நேரமாகிவிட்டவள் மாதிரி மிதிப்பாள். நில அளவையர். வயது முப்பத்தெட்டு. வீட்டில் பெயர் வாலு. ஒரு இடத்தில் உட்காராததற்கு அண்ணன் வைத்த பெயர்.

"எழுதுறதுன்னா எழுதிக்கோங்க. எங்க அண்ணனை மட்டும் வில்லனாக்கிடாதீங்க."

நான் முதலில் செய்தது அதைத்தான்.

2

முதல் தொடக்கம்: "கத்தியோடு ஓடினான் அண்ண—" (அடித்துவிட்டேன். கொலைக்கதை என்று நினைத்துவிடுவீர்கள்.)

இரண்டாவது: "மலைகள் மௌனமானவை, ஆனால் அவற்றின்—" (இதை எழுதிய கைக்கு வலி வந்ததில் தப்பே இல்லை.)

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். ஒரு விடுமுறை நாளில் அண்ணனும் தங்கையும் மலையேறப் போனார்கள். காலை ஏழு மணிக்கு ஓடைச் சரிவில் அவள் வழுக்கி விழுந்தாள். இடது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது. முதுகுப்பையின் பட்டை பாறை இடுக்கில் மாட்டி இறுகியதில் மல்லாந்தவள் மல்லாந்தபடி. அண்ணன் பிடித்து இழுத்தான். அவள் அலறிய அலறலில் விட்டுவிட்டான். "இங்கேயே இரு, ஆளைக் கூட்டிட்டு வரேன்" என்று ஓடினான். (இங்கேயே இரு! இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.)

வழி தவறி அலைந்து, ஆட்களோடு அவன் திரும்பியபோது மாலை ஆறு மணி. பதினொரு மணி நேரம். தண்ணீர் பாட்டில் பைக்குள், அவள் முதுகுக்குக் கீழே இருந்தது. அசைந்தால் தளும்பும் சத்தம் கேட்டது. பட்டையை அறுத்திருந்தால் புரண்டு எடுத்திருக்கலாம். அறுப்பதற்கு இருந்த ஒரே மடக்குக்கத்தி அண்ணனின் பேண்ட் பாக்கெட்டில் இருந்தது.

"பதட்டத்துல கத்தி ஞாபகமே வரல" என்றான் அவன். ஆஸ்பத்திரியிலும் சொன்னான், அதற்குப் பிறகும் சொன்னான். அவளும் "பரவால்ல விடு" என்றாள். ஆனால் அன்றிலிருந்து பஸ்ஸில் கதவுக்குப் பக்கத்து சீட்தான். தூங்கும்போது தலைமாட்டில் இரண்டு பாட்டில் தண்ணீர்.

3

ஒன்றரை வருடம் கழித்து, எலும்பு கூடியதும், முறிவைப் பிடிக்க ஆபரேஷனில் காலுக்குள் வைத்திருந்த ஸ்டீல் பிளேட்டை எடுத்தார்கள். டாக்டர் அதைக் கழுவி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார். விரல் நீளம், ஆறு துளை. நேராக அண்ணனின் லேத் பட்டறைக்கு நொண்டிக்கொண்டே போனாள்.

"இதுல எனக்கு ஒரு கத்தி செஞ்சு குடு."

அவன் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "இது கத்தி ஆகாது வாலு. துரு பிடிக்காது, ஆனா பதம் ஏறாது. எவ்வளவு காய்ச்சி முக்கினாலும் கூர் நிக்காது."

"அப்ப என் கால்ல எதுக்கு வச்சாங்க?"

"கால் எதையும் அறுக்க வேண்டாமே."

(கடையில் ஒரு கத்தி வாங்கினால் போதாதா என்று கேட்டேன். மிதிப்பதை நிறுத்தாமல் என்னைப் பார்த்தாள். "அவன் செய்யணும்" என்றாள்.)

அவன் பட்டறை தொடங்கிய புதிதில் அவள் வாங்கித் தந்த அரம் ஒன்று பல்லெல்லாம் தேய்ந்து மூலையில் கிடந்தது. அது பதம் ஏறும் இரும்பு. கத்தி அதில் என்று முடிவானது; பிளேட்டை இரண்டாக அறுத்து, பக்கத்துக்கு மூன்று துளையாகப் பிடியின் இருபுறமும். மீட்க வந்தவர்கள் வெட்டி எடுத்த முதுகுப்பையின் ஆரஞ்சுப் பட்டையையும் அவள் எறியாமல் வைத்திருந்தாள். அது பிடியில் மாட்டும் கைக்கயிறு.

4

இந்த இடத்தில் அண்ணனைப் பற்றி எனக்குச் சந்தேகம். ஓர் ஆள் இவ்வளவு அமைதியாக வேலை செய்வானா? மூன்று முறை அவனுக்குக் கை நடுங்க எழுதினேன், மூன்று முறையும் அவள் அடித்தாள். "அவன் கை நடுங்காது. அவசரப்படும், அவ்வளவுதான்."

அவசரப்பட்டான். அரத்தின் பாதியைக் கத்தியாக ராவி, துளையிட்டு, காந்தம் ஒட்டாத அளவு சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கினான். 'டிக்' என்றது. நடுவில் மயிரிழை விரிசல். மிச்சப் பாதியில் மறுபடி ஆரம்பித்தான். அது குட்டை. கத்தி சிறியதாகப் போனது அதனால்தான், அழகுக்காக இல்லை.*

* அழகுக்காக என்று ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். நல்ல பத்தி. போகட்டும்.

5

இரண்டாவது கத்தி உடையவில்லை. சாணைக்கல்லில் அவன் தீட்ட, சூடேறிப் பதம் போய்விடாமல் அவள் குவளையால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். கல் போட்ட இரைச்சலில் அவன் ஏதோ சொன்னான். அவள் சுவிட்சை அணைத்தாள்.

"திரும்பச் சொல்லு."

"கத்திய மறக்கலன்னு சொன்னேன். பத்து நிமிஷத்துலயே தெரியும். ஓடுறப்ப தொடையில இடிச்சுது. நின்னேன். திரும்பி ஏறி வந்தா அரை மணி நேரம் வீணாகும், அதுக்குள்ள ஆளே கிடைச்சுடும்னு நினைச்சேன். ஓடிட்டேன். வழி தப்பும்னு யாருக்குத் தெரியும்?"

"இவ்வளவு நாள் மறந்துட்டேன்னுதானே சொன்ன?"

"அது சொல்றதுக்குச் சுலபமா இருந்துச்சு."

குவளையைக் கீழே வைத்தாள். "சரி. பாட்டில் எனக்கு அடியில மாட்டிக்கிட்டு இருக்குன்னு அப்ப தெரியுமா உனக்கு?"

அவன் பதில் சொன்னான். ஒரே வார்த்தை.

6

அந்த வார்த்தை எனக்குத் தெரியும். எழுதியும் இருந்தேன். அவள் பென்சிலால் கோடு போட்டுவிட்டாள். "அது அவன் எனக்குச் சொன்னது. உங்களுக்கில்ல."

அண்ணன் குலுங்கி அழுவதாக ஒரு முடிவு எழுதினேன். "எங்க அண்ணனா!" என்று சிரித்ததில் பெடலிலிருந்து கால் நழுவியது. அவள் கத்தியை வீசிவிட்டு வெளியேறுவதாக இன்னொன்று. "அவ்வளவு பாடுபட்டுச் செஞ்சதை யாராவது வீசுவாங்களா?"

சரி, உண்மையில் நடந்தது இது. பிடியை இறுக்குவது மட்டும் பாக்கி. பித்தளை ஆணியைத் துளையில் நுழைத்துத் தலையைத் தட்டி மடக்க வேண்டும். தட்டும்போது பிளேட் நகராமல் இன்னொருவர் பிடிக்க வேண்டும். அவன் வைஸில் இறுக்கித் தனியாகவே செய்துகொள்ளலாமா என்று பார்த்தான். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஆணிக்கு இரண்டு பக்கமும் வைத்து அழுத்தினாள்.

"அடி" என்றாள்.

அவன் சொன்ன பதிலை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 'தெரியும்' என்று ஒரு முறை, 'தெரியாது' என்று ஒரு முறை. நான் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இரண்டிலும் சுத்தியல் இறங்குகிறது. இரண்டிலும் அவள் விரலை எடுக்கவில்லை.