டெரிவோனா இடம்பெயர்ந்த ஆண்டுகள்

1961 செப்டம்பரில் அயர்லாந்துப் பிரதமர் காரில் ஏறிக் குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் போய் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். கையெழுத்து விழுந்த அதே நிமிடத்தில் டெரிவோனா என்ற ஊர், தன் பத்தொன்பது வீடுகள், அறுபத்தாறு வாக்காளர்கள், முந்நூற்றுச் சொச்சம் மாடுகள், ஒரு தபால் பெட்டி ஆகியவற்றோடு மோய்கரா தொகுதியிலிருந்து கிளம்பி, டெல்வா ஆற்றைத் தாண்டி, நான்கு மைல் கிழக்கே போய்க் கில்பரன் தொகுதியில் உட்கார்ந்தது. அப்போது காலை பதினொன்றரை மணி. வெண்ணெய் அன்று பவுண்டு நாலு ஷில்லிங் ஏழு பென்ஸுக்கு விற்றது.

காரணம் யாருக்கும் தெரியாததல்ல. ஓர் உறுப்பினருக்கு இருபதாயிரம் தலைக்குக் குறையக் கூடாது, முப்பதாயிரத்துக்கு மிஞ்சக் கூடாது என்பது அரசியல் சாசனம். கணக்கு இடிக்கும்போதெல்லாம் அமைச்சர் ஒருவர் பென்சிலை எடுத்து எல்லையைத் திருத்துவார். புது எல்லை அடுத்த முறை நாடாளுமன்றம் கலையும்போது அமலுக்கு வரும். மற்ற ஊர்கள் காகிதத்தில் மாறின. டெரிவோனா சட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்கிற ஊர், நேரிலேயே மாறியது. தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்த அட்ராக்டா மல்ஹெர்னுக்கு அப்போது இருபது வயது. வாளியில் பால் மேற்கே சாய்ந்து, சற்று நேரம் அப்படியே நின்று, மறுபடி மட்டமானது. பசு காலை மாற்றி வைத்தது. அவள் கறந்து முடித்துவிட்டு வெளியே வந்து பார்த்தாள். மலை வேறு பக்கம் இருந்தது. காக்கைகள் ஒரு மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தன. காலையில் தூறிக்கொண்டிருந்த மழை மறுநாள்தான் வந்தது.

1969-இல் ஊர் மேற்கே திரும்பியது. 1977-இல் மீண்டும் கிழக்கே. 1981-இல் மீண்டும் மேற்கே. போன தடவை இருந்த குழியில் ஒருபோதும் உட்காரவில்லை. அரை மைல் தள்ளி, சில சமயம் வேறு திசை பார்த்து உட்கார்ந்தது. விட்டுப் போன குழிகள் மழைநீரில் நிறைந்து, டெரிவோனாவின் வடிவத்திலேயே ஏரிகளாயின. அவற்றில் நல்ல மீன் கிடைத்தது. ஊர் மக்களும் பழகிக்கொண்டார்கள். அரசாங்கம் ஆட்டம் காண்கிறது என்று ரேடியோ சொன்னால் அலமாரியிலிருந்து பீங்கான் தட்டுகளை இறக்கி மெத்தையில் பரப்புவார்கள். பிரதமரின் கார் மாளிகை வாசலில் நுழைந்தது என்று சொன்னால் ஏணியில் நிற்பவர்களை இறங்கச் சொல்வார்கள்.

பழக முடியாதது ஒன்றே ஒன்றுதான். டெரிவோனாவுக்குச் சாலை கிடையாது. 1968-இல் கிழக்குப் பக்கத்து மாவட்ட சபை சதுப்பின் மேல் கல் பரப்பித் தாரூற்றி, ஊருக்கு அறுபது கஜம் பாக்கி இருக்கும்வரை சாலையைக் கொண்டுவந்தது. அடுத்த கோடையில் ஊர் போய்விட்டது. 1976-இல் மேற்குப் பக்கத்துச் சபை நாற்பது கஜம்வரை வந்தது. அதற்கும் அதே கதி. இரண்டு நல்ல தார்ச் சாலைகள், டெரிவோனா என்று எழுதிய கைகாட்டியோடு, ஒன்றுமில்லாத இடத்தில் போய் முடிந்தன. மூன்றாவது முறை ஏமாறத் தயாராக இல்லை என்று இரு சபைகளும் எழுதிக் கொடுத்துவிட்டன. 1988-இல் பால் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது: இனி கேன்களில் பால் வாங்குவதில்லை, தொட்டி லாரி வீட்டுக்கு வந்து உறிஞ்சிக்கொள்ளும், சாலை இல்லாதவர்களுக்கு 1992 முடியும்வரை அவகாசம். அட்ராக்டாவிடம் பதினொரு பசுக்கள் இருந்தன. சாலை வர வேண்டும், இல்லாவிட்டால் பசுக்கள் சந்தைக்குப் போக வேண்டும்.

அவள் மோய்கராவின் மூன்று உறுப்பினர்களில் ஒருவரான கான் ஹெவரினைப் பார்க்கப் போனாள். இருபத்திரண்டு வருடமாக அந்த நாற்காலியில் இருப்பவர். டெரிவோனா தன் தொகுதியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குச் சாலை போடுவதாக எல்லாத் தேர்தலிலும் சொன்னவர்.

“ஊரை ஒரு எடத்துல நிக்கச் சொல்லு அட்ராக்டா. மறுநாளே தார் ஊத்தறேன்.”

“நிக்கவெக்க வேண்டியது யாரு கான்? பென்சில் உங்க கட்சிக்காரர் கையிலதானே இருந்துச்சு!”

“இப்ப நீதிபதி தலைமையில ஆணையம் வந்தாச்சு. என் கையில என்னம்மா இருக்கு?”

“அப்ப அந்த நாற்காலியில உக்காந்து என்னதான் பண்றீங்க? சூடு பண்றீங்களா?”

1989 ஜூன் தேர்தலில் அவள் சுயேச்சையாக நின்றாள். தொகுதிக்கு மூன்று இடங்கள், ஒன்பது வேட்பாளர்கள். அயர்லாந்தில் வாக்குச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை. பிடித்த வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடுவார்கள். தோற்றவனின் சீட்டு அடுத்த எண்காரனுக்குப் போகும். இதில் யாரும் கவனிக்காத ஓர் ஓட்டை அட்ராக்டாவின் கண்ணில் பட்டது. சதுப்பு வழியே டிராக்டரை ஓட்டி, தொகுதியில் ஒரு வீடு விடாமல் கதவைத் தட்டினாள்.

“முதல் ஓட்டு உங்க கட்சிக்கே போடுங்க. ரெண்டாவது உங்க மச்சினருக்கு. மூணாவது யாருக்குன்னு வெச்சிருக்கீங்க?”

“மூணாவதா? அதைக் கேட்டு ஒருத்தரும் வந்ததில்லையே.”

“அப்ப எனக்குக் குடுங்க. சும்மாதானே கெடக்குது.”

எண்ணும் நாளில் பாலிகிரோன் பள்ளி விளையாட்டு மண்டபம் காலை ஒன்பதுக்கே கொதித்தது. பெட்டிகளை மேசையில் கவிழ்த்து, சீட்டுகளை ஒவ்வொன்றாக முகம் தெரியப் பிரித்துப் போட, இரும்புத் தடுப்பின் மேல் வயிறு பதியச் சாய்ந்துகொண்டு எல்லாக் கட்சிக் கணக்கர்களும் பென்சிலால் கோடு கிழித்தார்கள். அதிகாரி முடிவைச் சொல்ல மாலை ஆகும். தடுப்புக்காரர்களுக்குப் பத்தரைக்கே தெரிந்துவிடும். அட்ராக்டா பால் கறந்துவிட்டுப் பதினொரு மணிக்குத்தான் வந்தாள். அவளுக்காகக் கணக்கெடுத்தவர் பக்கத்து வீட்டு மலாக்கி டான்ஸி.

“உன் ஊர்ப் பெட்டியில அறுபத்திமூணு உனக்கு. ஒண்ணு ஹெவரினுக்கு.”

“யாரு அந்தப் புண்ணியவான்?”

“ஏழுக்குக் குறுக்குக் கோடு போட்டிருக்கு. உன் வீட்டுக்காரர் கை மாதிரி தெரியுது.”

அவள் கணவன் எண்டா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். “எழுபத்திரெண்டுல டிராக்டர் லைசென்ஸ் வாங்கிக் குடுத்தாரு. வாக்குக் குடுத்துட்டேன். ரெண்டாவது உனக்குத்தானே போட்டேன்!”

“அவர் தோத்தாத்தான் அந்த ரெண்டாவதை எடுப்பாங்க, மனுஷா! அவரைத் தோக்கடிக்கத்தானே நான் நிக்கறேன்!”

செல்லுபடியான வாக்குகள் 31,996. வெல்லத் தேவை 8,000. முதல் சுற்றில் அட்ராக்டாவுக்கு 1,904, ஐந்தாவது இடம். ஹெவரினின் ஆட்கள் தேநீர் வாங்கப் போனார்கள். திரும்பி வந்தபோது இரண்டு பேர் விலக்கப்பட்டிருந்தார்கள், அவள் மூவாயிரத்தைத் தாண்டியிருந்தாள். அதற்குப் பிறகு யாரும் தேநீருக்குப் போகவில்லை. மூன்றாவது எண்கள் வர ஆரம்பித்தன. மச்சினர்கள் ஒவ்வொருவராக விழ விழ, கட்டுக் கட்டாக அவள் மேசைக்கு நகர்ந்தன. மலாக்கியின் பென்சில் முனை உடைந்தது, பல்லால் சீவினார். எட்டாவது சுற்றில் இரண்டு பேர் வென்றிருந்தார்கள், கடைசி இடம் மட்டும் பாக்கி. எஞ்சிய இருவரும் எட்டாயிரத்தைத் தொடாவிட்டாலும் முன்னால் நிற்பவருக்கே அது. அட்ராக்டா மல்ஹெர்ன் 7,406. கான் ஹெவரின் 7,399. ஏழே ஏழு ஓட்டு.

ஹெவரின் மறு எண்ணிக்கை கேட்டார். இரண்டு நாள் நடந்தது. ஏழு ஆறானது, ஆறு ஒன்பதானது, ஒன்பது மறுபடி ஏழானது. அந்த இரண்டு நாளும் டெரிவோனாவின் தரை, ஓடும் எஞ்சினுக்கு மேல் வைத்த பலகை போல் லேசாக அதிர்ந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் நண்பகலில் தேர்தல் அதிகாரி ஒலிபெருக்கியைத் தட்டி அவள் பெயரை வாசித்தார். மலாக்கியும் எண்டாவும் அவளைத் தோளில் தூக்கினார்கள். பள்ளிக்கூடக் கூடைப்பந்து வளையத்தில் அவள் தலை இடித்தது. அதிர்வு நின்றது.

நாடாளுமன்றத்தில் அவள் நாற்பத்தொரு முறை ஒரே கேள்வியைக் கேட்டாள்: டெரிவோனாவுக்குச் சாலை எப்போது? மாவட்ட சபை, ஆணையம் முடிவு சொல்லட்டும் என்றது. ஆணையத்துக்கு டெரிவோனாவின் அறுபத்துநான்கு வாக்காளர்களும் தனித்தனியாக எழுதினார்கள். எல்லாக் கடிதத்திலும் ஒரே வரி: எங்களை இருக்கும் இடத்தில் விடுங்கள். 1990 அறிக்கையின் முப்பதாம் பக்கத்தில் அது அப்படியே ஏற்கப்பட்டிருந்தது. ஆனால் கணக்கு கணக்குதான். வெளிநாட்டுக்கு வேலை தேடிப் போனவர்களால் மோய்கராவில் 1,140 தலை குறைந்தது. யாராவது நகர்ந்தே ஆக வேண்டும். முப்பத்தோராம் பக்கத்தில், ஆற்றுக்கு அக்கரையிலிருந்த கில்நபிராக் என்ற தேவாலயப் பங்கு வட்டாரம் முழுவதும் மோய்கராவில் சேர்க்கப்பட்டது.

1992 நவம்பர் முதல் வாரம், ஒரு வியாழக்கிழமை, அரசாங்கம் கவிழ்ந்தது. கூட்டுறவுச் சங்கத்தின் அவகாசம் முடிய எட்டு வாரம் இருந்தது. சபை இன்னும் ஒரு கூடை கல்கூடக் கொட்டவில்லை. டெரிவோனாக்காரர்கள் வாழ்க்கையில் முதல் தடவையாக வேடிக்கை பார்க்க, ஆற்றைப் பார்த்திருக்கும் ஊர் வேலியோரம் கூடினார்கள். நண்பகலுக்குச் சற்று முன் அக்கரை அசைந்தது. தேவாலயம், இரண்டு மதுக்கடை, கால்நடைச் சந்தை, கால்பந்துத் திடல், ஆயிரத்து நூற்று நாற்பது பேர், எல்லாம் ஆற்றின் மேலாக வந்து, சதுப்பில் மெல்லச் சறுக்கி, டெரிவோனாவின் வேலியை ஒட்டி அமர்ந்தன. சந்தையில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஏலக்காரர் நிறுத்தவில்லை, ஒரு செவலைக் கன்று ஆற்றின் நடுவில் விலைபோனது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மதுக்கடைக்காரி இடுப்பில் கை வைத்து நின்றாள். “இதெல்லாம் உன் வேலையா?”

“என் வேலைதான்,” என்றாள் அட்ராக்டா. “வந்ததே வந்துட்டீங்க, இந்தத் தேர்தல்ல உங்க ஓட்டு எனக்குத்தானே?”

“கனவு காணு பொண்ணே!”

அட்ராக்டா மதுக்கடைக்காரியைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். 1968-இல் அறுபது கஜம் பாக்கியில் நின்றுபோன அந்தத் தார்ச் சாலை கில்நபிராக் பங்குக்குள்தான் கிடந்தது. பங்கோடு சேர்ந்து அதுவும் வந்திருந்தது. இப்போது அவள் வீட்டு இரும்புக் கதவுக்கு மூன்று அங்குலம் முன்னால் முடிந்தது. கில்நபிராக்கில் பாலெடுத்துக்கொண்டிருந்த தொட்டி லாரி, வேறு வழி தெரியாமல் அதே சாலையில் உருண்டு வந்து கதவருகில் நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டினான்.

“எத்தனை பசு?”

“பதினொண்ணு.”

அவன் நோட்டில் எழுதிக்கொண்டான். “செவ்வாயும் வெள்ளியும் வருவேன். தொட்டி வாங்கி வையுங்க.”

மூன்று வாரத்தில் தேர்தல் நடந்தது. கில்நபிராக் அவளுக்குப் பத்தாவது எண்கூடப் போடவில்லை. ஏழாவது சுற்றில் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஹெவரின் நாற்காலியைத் திரும்பப் பெற்றார். மாலை நாலு மணிக்கு முடிவை வாசித்தார்கள். அட்ராக்டா அவருக்குக் கை கொடுத்தாள், மலாக்கியின் பென்சிலைத் திருப்பிக் கொடுத்தாள், பால் கறக்கும் நேரமாகிவிட்டது என்று எண்டாவைக் கிளப்பினாள். இதுவரை சதுப்பின் ஓரத்திலேயே நிறுத்திவந்த காரை வீட்டுக் கதவுவரை ஓட்டிக்கொண்டு போனாள். இறங்கியபோது காலணியில் சேறு படவில்லை.