எடைமேடையில் ஏறிய குதிரை

முசரவாக்கத்தில் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடும் ஹனீஃபாவிடம் இருந்த சாம்பல் நிறக் குதிரை, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நடந்தது. லாடம் அடிக்கும் செலவு மிச்சம் என்று அவர் எல்லோரிடமும் சொல்லிவந்தார். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் அதைக் கேட்பதில்லை. குளம்புச் சத்தம் இல்லாத குதிரையில் என்ன கெத்து என்றார்கள். துணிந்து ஏறிய ஒரே மாப்பிள்ளையும் சத்தமில்லாமல் மண்டபத்தைத் தாண்டிப் போய்விட, பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோடு வெகுநேரம் காத்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஹனீஃபா அதை விற்றுவிட முடிவு செய்தார்.

பிள்ளையார்பாளையத்து மஹாலட்சுமிக்குச் செய்தி பூக்காரி மூலம் வந்தது. அவளும் கணவன் குமரகுருவும் ஒரே வீட்டில் இரண்டு தறிகளில் நெய்கிறவர்கள். தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தால், தாழ்ந்த ஜன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களின் முழங்கால்கள்தான் அவளுக்குத் தெரியும். முகத்தைவிட முழங்காலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். அது ஒரு குறை என்று அவள் நினைத்ததே இல்லை. குதிரை என்ற சொல்லைக் கேட்டதும் நெஞ்சுக்குள் ஏதோ எழுந்து நின்றது. அதை உட்காரவைக்கப் பார்த்தாள், உட்காரவில்லை. குதிரையால் அவளுக்கு ஆகவேண்டிய வேலை ஒன்றும் இல்லை. ஆசை மட்டும் இருந்தது. சீட்டு எடுத்த பணத்தோடு புறப்பட்டாள். தடுப்பதற்காகக் குமரகுருவும் கூடவே வந்தான்.

குதிரையைப் பார்த்ததும் அவன் குனிந்து, குளம்புக்கும் தரைக்கும் நடுவில் கையை விட்டுத் துழாவினான்.

"இன்னா பாய், காத்துல நின்னுக்கினு இருக்குது?"

"பொறந்ததுலேந்தே அப்படித்தாம்பா. கொள்ளு மட்டும் ஒழுங்கா துன்னும்."

நெசவு வீடுகளுக்குப் பட்டு நூல் எடை போட்டுத்தான் வரும், சேலையும் எடை போட்டுத்தான் திரும்பிப் போகும். எடை காட்டாத எதையும் அவர்கள் நம்புவதில்லை. நிறுத்துப் பார்க்காமல் வாங்க முடியாது என்று குமரகுரு சொன்னதும், மூவரும் செங்கல் லாரிகளை நிறுக்கும் எடைமேடைக்குக் குதிரையை நடத்திப் போனார்கள். குதிரை மேடைமேல் நின்றது. எடை காட்டும் பெட்டியில் சிவப்புப் பூஜ்யம் அசையவில்லை. பக்கத்து அறைக்குள் இருந்த எடைக்காரர் ஜன்னல் கண்ணாடியைத் தட்டி, "வண்டி எப்ப வரும்?" என்று கேட்டார்.

"பாத்தியா மஹா? ஒண்ணுமே இல்லாத சரக்கு. வா, வூட்டுக்குப் போலாம்."

"எடைக்கு விக்க இது இன்னா கோழியாப்பா?" என்றார் ஹனீஃபா. ஆனால் அவர் குரலும் இறங்கிவிட்டது.

இப்போது திரும்பிப் போனால் இனி எதையும் கேட்க மாட்டோம் என்று மஹாலட்சுமிக்கு உறுதியாகத் தெரிந்தது. அந்த உறுதிதான் அவளைப் பயமுறுத்தியது. கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையில் கால் வைத்தாள்; பெட்டி அறுபது காட்டியது. குதிரைமேல் ஏறி உட்கார்ந்தாள். மறுபடி பூஜ்யம் காட்டியது.

குமரகுரு அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "பாய், இவ எடை எங்க போச்சு?"

"அத்த என்னக் கேட்டா? கூட வாழறவரு நீங்கதானேப்பா."

மேலிருந்து மஹாலட்சுமி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவன் கேட்டதில்லை. பணத்தை அவளிடமிருந்து வாங்கி, வெற்றிலைமேல் வைத்து, அவனே ஹனீஃபாவிடம் கொடுத்தான்.

நெய்து முடித்த சேலைகளை இப்போது அவள் குதிரையில்தான் நெசவாளர் சங்கத்துக்குக் கொண்டுபோகிறாள். தெருவில் மழைத்தண்ணீர் தேங்கினாலும் மடிப்பு நனைவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பருத்திக்குன்றம் வரை சும்மா போய்வருகிறாள். ஒருமுறை குமரகுரு பின்னால் ஏறிப் பார்த்தான். குதிரை தரையில் இறங்கிவிட்டது. அவன் இறங்கிக்கொண்டு, பேசிக்கொண்டே பக்கத்தில் நடந்துவந்தான். அன்றிலிருந்து அப்படியேதான் போகிறார்கள். தெருக்காரர்களுக்கு ஒரே ஒரு புகார், லத்தி மட்டும் தரையில் விழுகிறது. குமரகுரு அதைக் காலையில் அள்ளி எதிர்வீட்டுப் பட்டம்மாளின் முருங்கைக்குப் போடுகிறான். இந்த வருஷம் நல்ல காய்ப்பு.