கயிறு கை மாறும் நேரம்

புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு டிக்சன் இறப்பதாக ஏற்பாடு.

ரகசியம் ஒன்றும் இல்லை. எல்லாம் டைப் செய்து, பக்க எண் போட்டு, ஃபைலில் இருந்தது. டிக்சன் சங்கு குளிப்பவர். வயது முப்பத்தொன்பது. தருவைகுளத்துக்குக் கிழக்கே கடலடியில் இருந்தபோது, படகில் காற்று அனுப்பிக்கொண்டிருந்த கம்ப்ரஸர் நின்றுபோனது. மேலே இழுத்துப் போட்டபோது மூச்சு இல்லை. மூச்சைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். டிக்சனைக் கொண்டுவர முடியவில்லை.

முப்பத்தோரு நாளாகத் தூத்துக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையின் மூன்றாம் மாடி ஐ.சி.யூ.வில், ஏழாம் நம்பர் கட்டில். தொண்டையில் குழாய், பக்கத்தில் வென்டிலேட்டர். அதை எடுத்துவிடச் சம்மதம் என்று மனைவி பனிமேரி முந்தின நாள் கையெழுத்துப் போட்டிருந்தார். மற்ற காகிதங்கள் முடிந்துவிட்டன. மிச்சம் மூன்றே கையெழுத்துகள். மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவில் மூன்று பேர்.

தலைவர் கிருபாநிதி, ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி. தன் சர்வீஸில் ஒரு தூக்குத் தண்டனைகூடக் கொடுத்ததில்லை என்பதை அறிமுகமான ஐந்தாவது நிமிடத்தில் சொல்லிவிடுவார். இரண்டாமவர் நரம்பியல் நிபுணர் பாலகணேஷ். டிக்சனுக்குச் சுயநினைவு இல்லை என்று எழுதியவர் அவர்தான். எழுதியவரே பரிசீலிக்கலாமா என்று ஒருமுறை கேள்வி வந்தது. அந்த மருத்துவமனையில் இருந்ததே ஒரு நரம்பியல் நிபுணர் என்று பதில் வந்தது.

கேள்வி கேட்டவர் மூன்றாமவர். பேச்சிச்செல்வி, கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். பதினெட்டு வருடமாக ஒரே கேள்வியோடு குடும்பம் நடத்தி வந்தார்: இன்னொருவருக்குள் ஒரு மனம் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அதில் ஒரு பிஎச்.டி. அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து உயிரியல் நெறிமுறை. அங்கிருந்து மூளைக்குப் போய் நரம்பியல் நெறிமுறை. ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஊரில் அவர் அம்மா "எம் மக மூளை டாக்டரு" என்று சொல்லிவைத்திருந்தார். ஒற்றைத் தலைவலிக்கு மாத்திரை கேட்டு வந்தவர்கள் ஏமாந்து திரும்பினார்கள்.

அன்று ஐந்து மணிக்கு அவருக்கு ஓர் இன்டர்வியூ. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம், வீடியோ வழியாக. அவரைக் கூப்பிட்டதே ஒரு கட்டுரைக்காகத்தான். நினைவற்ற நோயாளி கையை அழுத்தினார், இமையை அசைத்தார் என்று குடும்பத்தார் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பது பற்றிய கட்டுரை. நம்ப வேண்டாம் என்பது அதன் முடிவு.

மூன்று மணிக்கு, மூவரும் மீட்டிங் அறையில் உட்கார்ந்து, மக்ரூன் தட்டு கை மாறிக்கொண்டிருந்தபோது, ஐ.சி.யூ. சிஸ்டர் கதவைத் தட்டினார்.

"சார், ஏழாம் நம்பர் நோயாளியோட அட்டெண்டர் வெளிய வரமாட்டேங்கார். ரெண்டு மணி விசிட்டிங்குக்கு உள்ள போனவரு. கையில கயிறு வச்சிருக்காரு."

"தற்கொலையா?" என்றார் கிருபாநிதி.

"இல்ல சார். கயித்தோட ஒரு முனைய நோயாளி கையில கட்டிருக்காரு. மறுமுனைய விடமாட்டேங்கார்."

மூவரும் எழுந்து போனார்கள்.

பவுல் கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பனிமேரியின் அண்ணன். டிக்சனின் வலது மணிக்கட்டிலிருந்து போர்வைக்கு அடியில் வந்த வெள்ளை நைலான் கயிறு அவர் கையில் முடிந்தது. காலடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அறை முழுக்க டெட்டால் வாடை.

"ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன் சார்" என்றார் பவுல், யாரும் கேட்பதற்கு முன். "இப்ப என்னயவிடக் கயிறுதான் சுத்தம்."

தலைமாட்டில் நின்ற பனிமேரி நிமிரவில்லை. முந்தின நாள் கையெழுத்துக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை.

"அண்ணாச்சி, என்ன செய்யுதீங்க?" என்று கேட்டார் பேச்சிச்செல்வி.

"பேசிட்டு இருக்கேன் டீச்சர்."

"யாரோட?"

"இங்கன வேற யாரு இருக்கா?"

சங்கு குளிப்பவரின் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். படகில் அதைப் பிடித்திருப்பவர் மனைவியோடு பிறந்தவராகத்தான் இருப்பார். குளிப்பவரின் சொந்த அண்ணன் தம்பிக்கு அந்த வேலை கிடையாது. அவர்களுக்குச் சொத்தில் பங்கு உண்டு. மச்சானுக்கு உள்ள பங்கு தங்கச்சி தாலி மட்டும். பவுல் பத்தொன்பது வருடமாக டிக்சனுக்குக் கயிறு பிடிப்பவர்.

"மேல இருந்து ஒரு இழுப்பு இழுத்தா, நல்லாருக்கியாலேன்னு அர்த்தம். அவன் ஒண்ணு இழுத்தா, இருக்கேன். ஒரு மணி நேரமாக் கேக்கேன். இருக்கேன், இருக்கேன்னு சொல்லுதான்."

"முப்பது நாளா ஏன் கேட்கல?" என்றார் பாலகணேஷ்.

"காலப் பிடிச்சு ஜெபம் சொல்லிட்டு இருந்தேன் சார். புத்தி வரல. இவ கையெழுத்துப் போட்டான்னு நேத்துத்தான் தெரியும். அப்பதான் கயிறு ஞாபகம் வந்துது."

பாலகணேஷ் கெட்ட மனிதர் அல்ல. அவருக்கு அன்று மட்டும் இருபத்திரண்டு நோயாளிகள் கீழே காத்திருந்தார்கள். ஃபைலைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது.

"ஐயா, இதுல ஒரு வரி படிக்கேன். 'நோயாளியின் உடலில் உறவினர் உணரும் பதில், பெரும்பாலும் உறவினரின் ஆசை அவர் கையாலேயே எழுதிக்கொள்ளும் பதில்.' இது நம்ம மேடம் எழுதின கட்டுரை."

அந்தக் கட்டுரையை முழுதாகப் படித்தவர்கள் என்று பேச்சிச்செல்விக்கு உறுதியாகத் தெரிந்தவர்கள் மூன்று பேர். நான்காவது ஆளை இப்போது பார்த்தார். சந்தோஷப்பட நேரம் இல்லை.

"வரி சரிதான்" என்றார். "ஆசை அதிகமா இருந்தா கை நமக்குத் தெரியாமலே அசையும். அண்ணாச்சி பொய் சொல்லல. ஆனா இழுக்கது நோயாளி கையா, தன் கையான்னு அவருக்கே தெரியாது."

"எனக்குத் தெரியாதா?" என்றார் பவுல். பத்தொன்பது வருடத்தில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"முப்பத்தோரு நாள், தினம் ரெண்டு வேளை இவரு காதுகிட்டக் கத்திருக்கேன்" என்றார் பாலகணேஷ். "கண்ணத் திறங்க, விரல அசைங்கன்னு. ஒரு தடவ கேட்டாரா?"

"எப்படிக் கேப்பான்?" என்றார் பவுல். "அவனுக்கு ரெண்டு காதும் போயி எட்டு வருசமாச்சே."

வென்டிலேட்டர் நான்கு மூச்சு விட்டது.

"என்னது?" என்றார் பாலகணேஷ்.

பனிமேரி முதல்முறையாக நிமிர்ந்தார். "காது கேக்காது சார். நேர நின்னு பேசினா வாயப் பாத்துப் புரிஞ்சிக்கிடுவாவ."

"இத ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கலயே. வேற சீக்கு உண்டான்னு கேட்டீங்க, இல்லன்னேன். சங்கு குளிக்கவங்களுக்குக் காது அடைக்கது ஒரு சீக்கா சார்? எங்க தெருவுல பாதிப் பேருக்குக் கேக்காது."

பாலகணேஷ் ஃபைலைப் புரட்டினார். 'குரலுக்கு எதிர்வினை இல்லை' என்று அறுபத்திரண்டு இடத்தில் எழுதியிருந்தது. அறுபத்திரண்டும் அவர் கையெழுத்து. ஒன்றுகூடப் பொய் இல்லை.

"வலி கொடுத்தும் பார்த்தேன்" என்றார், குரல் கொஞ்சம் இறங்கி. "அதுக்கும் அசையல."

"வலிக்கு அசையுதவன் அடியில ஒரு சங்கு எடுக்க முடியுமா சார்?"

கிருபாநிதி கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபது. "டாக்டர், நீங்களே ஒரு தடவ இழுத்துப் பாத்துருங்க. முடிச்சிருவோம்."

பாலகணேஷ் பவுலின் கைக்கு முன்னால் கயிற்றைப் பிடித்து ஒருமுறை இழுத்தார். பிறகு இன்னொரு முறை. ஐந்து முறை. ஒன்றும் வரவில்லை.

"பாத்தீங்களா?"

பவுல் சிரித்துவிட்டார். "நீங்க யாருன்னு அவனுக்குத் தெரியுமா? அடியில கயிறு பார்ப்பாறையில தட்டும், மீன் முட்டும், நீரோட்டம் இழுக்கும். எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டு இருந்தா சங்கு எவன் எடுப்பான்? கை மாத்தணும்னா சொல்லி மாத்தணும் சார். பிடிச்சிருக்கவன் ரெண்டு இழுக்கணும். கீழ இருந்து ரெண்டு வரணும். வந்த பெறகுதான் அடுத்த கைக்குக் கயிறு."

பேச்சிச்செல்வி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வகுப்பில் அவர் அப்படிச் செய்தால் மாணவர்கள் பேனாவை எடுப்பார்கள்.

"அப்போ முறைப்படி கை மாத்திப் பாப்போம்."

"ஒரு கையும் வேண்டாம்" என்றார் பாலகணேஷ். "டிரிப் ஸ்டாண்டுல கட்டுவோம். கம்பி ஆசைப்படாது."

"கம்பிக்குத் தங்கச்சி உண்டா?" என்றார் பவுல். "ஆள் கீழ இருக்கும்போது கயித்தக் கம்பியில கட்டினவன் எங்க கடல்ல கிடையாது. கொன்னாலும் விடமாட்டேன்."

"கம்பி வேண்டாம் அண்ணாச்சி. டாக்டர்கிட்டக் குடுங்க."

பவுலும் பாலகணேஷும் பேச்சிச்செல்வியைப் பார்த்தார்கள்.

"நான் பிடிச்சா பிரயோஜனம் இல்ல" என்றார் பேச்சிச்செல்வி. "எனக்கு இப்பவே பதில் வரணும்னு இருக்கு. நீதிபதி ஐயாவுக்கும் அப்படித்தான், மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. இந்த அறையில பதில் வரக் கூடாதுன்னு நினைக்கது ஒரே ஆள். அந்தக் கையிலதான் கயிறு இருக்கணும்."

பாலகணேஷ் மறுக்கவில்லை. பவுல் மறுத்தார்.

"அவரு இவனுக்கு என்ன மொற? எந்தம்பி கையின்னாலும் மாத்துவேன். அவனும் மச்சான். இவரு யாரு? விட்டுட்டுப் போனா இவருக்கு என்ன நட்டம்?"

நியாயமான கேள்வி. கிருபாநிதி மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று முப்பது.

"ஏ அண்ணே, குடு" என்றார் பனிமேரி.

"நீ பேசாத. நீதான் கையெழுத்துப் போட்டவ."

"போட்டேன். உள்ள ஆள் இல்லன்னு சொன்னாவ, போட்டேன். இருக்காவளான்னு பாக்கத்தான கேக்காவ? டாக்டர நான் அண்ணனா வச்சிக்கிடுதேன். அவரு கூடப் பொறந்தவரு. இப்பக் குடு."

ஆக, நாற்பத்தாறு வயதில் பாலகணேஷுக்கு ஒரு தங்கை கிடைத்தார். சம்மதப் படிவம் இல்லாமல் அந்த மருத்துவமனையில் நடந்த ஒரே காரியம் அதுதான்.

பவுல் தங்கையைப் பார்த்தார். பிறகு கயிற்றை இரண்டு முறை இழுத்தார். காத்திருந்தார்.

"வந்துட்டு" என்று டாக்டரிடம் நீட்டினார். "வெரல்ல சுத்தாதீங்க. உள்ளங்கையில வைங்க. எறங்கவும் விடாதீங்க, இறுக்கவும் செய்யாதீங்க."

பேச்சிச்செல்வி பத்துத் துண்டுக் காகிதம் கிழித்தார். ஐந்தில் 'இழு'. ஐந்தில் 'சும்மா இரு'. மடித்துக் குலுக்கினார். ஒவ்வொரு முறையும் ஒன்றை எடுத்து டாக்டருக்கு மட்டும் காட்டவேண்டியது. டாக்டர் இழுப்பார், அல்லது இழுக்கமாட்டார். அரை நிமிடம் பொறுத்து, கயிற்றில் பதில் வந்ததா என்று இடது கையால் எழுதுவார். பவுல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

அங்கிருந்த எவருக்கும் கயிற்றில் ஒன்றும் தெரியவில்லை. போர்வை அசையவில்லை. தெரிந்ததெல்லாம் பாலகணேஷின் முகம்தான். நான்காவது காகிதத்துக்குப் பிறகு அவர் நெற்றியில் வியர்வை. ஏ.சி. பத்தொன்பதில் இருந்தது.

பேச்சிச்செல்விக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு மனிதர் உள்ளே இருக்கிறாரா என்பது இப்போது இன்னொரு மனிதருக்குள் மட்டும் இருந்தது. அவர் 'இல்லை' என்று சொன்னால் யாராலும் மறுக்க முடியாது. நான்கு மணிக்கு இயந்திரம் நிற்கும். பதினெட்டு வருடம் கேட்ட கேள்வி, டெட்டால் வாடையோடு எதிரே நின்றது.

பத்தாவது காகிதமும் முடிந்தது.

"சொல்லுங்க டாக்டர்" என்றார் கிருபாநிதி.

பாலகணேஷ் எழுதிய தாளைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார்.

"சும்மா இருந்த அஞ்சு தடவையும் ஒண்ணும் வரல."

"இழுத்தது?"

"அஞ்சுல நாலு வந்தது."

பனிமேரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க கையா இருக்கலாமா?" என்றார் பேச்சிச்செல்வி. கேட்கத்தான் வேண்டும்.

"வரக் கூடாது, வரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு இருந்தேன் மேடம். அறுபத்திரண்டு தடவ கையெழுத்துப் போட்டவன் நான்." தாளை நீட்டினார். "ஒவ்வொண்ணும் கொஞ்சம் லேட்டாத்தான் வருது. ஆனா வருது."

பவுல் சுவரிலிருந்து திரும்பினார். "ஒண்ணு விட்டுப்போச்சா? களைச்சிருப்பான். ஒரு மணி நேரமா நான் வேற அவன விடல."

மணி மூன்று நாற்பது. பனிமேரி கேட்டு வாங்கித் தன் சம்மதக் கடிதத்தைக் கிழித்தார். மூன்று கையெழுத்துகள் விழவேண்டிய தாளில் கிருபாநிதி குறுக்காக ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் எழுதினார்: 'நோயாளி ஆட்சேபிக்கிறார்.' சர்வீஸ் காலத்து நடை.

"சரி, நான் கீழ போயி ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்" என்றார் பவுல். "காலையில இருந்து பச்சத்தண்ணி இல்ல. தம்பிக்கும் போன் போட்டுருதேன். ஆறு மணிக்கு வந்துருவான். மாத்தி மாத்திப் பிடிச்சிக்கிடுவோம்."

"அதுவரைக்கும்?" என்றார் பாலகணேஷ்.

"கயிறு உங்க கையிலதான இருக்கு?"

"கீழ ஓ.பி.யில இருபத்திரண்டு பேரு உக்காந்திருக்காங்க!"

"டாக்டர் அண்ணே" என்றார் பனிமேரி. "விட்றாதீங்க."

பாலகணேஷ் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ஐந்து மணிக்குப் பேச்சிச்செல்வி ஐ.சி.யூ. வராந்தாவில் லேப்டாப்பைத் திறந்தார். திரையில் மூன்று முகங்கள். அந்தக் கட்டுரை மிகச் சிறப்பானது என்று நடுமுகம் ஆரம்பித்தது. அதன் முடிவில் இன்றும் உறுதியாக இருக்கிறீர்களா?

"இல்லை."

முகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. எப்போதிலிருந்து?

"மூன்று நாற்பதிலிருந்து."

இன்டர்வியூ ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. தகவல் அனுப்புவதாகச் சொன்னார்கள். பேச்சிச்செல்வி லேப்டாப்பை மூடிவிட்டு, கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தார்.

பவுல் வாயைத் துடைத்துக்கொண்டு டீக்கடையிலிருந்து திரும்பி வந்திருந்தார். போன மனிதர் ஒன்றரை மணி நேரம் கழித்து வருகிறார். எழுந்து நின்ற பாலகணேஷிடம் கையை நீட்டினார்.

"குடுங்க சார். நீங்க போங்க, ஆளுங்க காத்திருக்காவ."

பாலகணேஷ் கொடுக்கவில்லை. கயிற்றை இரண்டு முறை இழுத்தார். தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"வந்துட்டா?" என்றார் பவுல்.

"இன்னும் இல்ல" என்றார் பாலகணேஷ். "பொறுங்க."