அம்மாவின் பைக் ஜீன்ஸ்

நர்ஸின் கத்தரி அம்மாவின் தொடைப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டது.

"என்னது இது, துணியா தகரமா?" பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். மேல் துணி விலகியது. அடியில் இருந்த மஞ்சள் நெசவில் ஒரு நூல்கூட அறவில்லை.

"உள்ள லைனிங் இருக்கு சிஸ்டர். வெட்ட வராது. கழட்டித்தான் எடுக்கணும்." திரைக்கு வெளியே பள்ளிச் சீருடையில் நின்றிருந்த மகள் சொன்னாள். சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே பயமாக இருந்தது.

"நீ யாரு பாப்பா? தள்ளி நில்லு."

இருபது நிமிடத்தில் டாக்டர் வெளியே வந்தார். இடுப்பெலும்பு உடைந்து ரத்தமெல்லாம் உள்ளேயே போய்விட்டது என்றார். "அம்மா போயிட்டாங்கம்மா. வீட்ல பெரியவங்க யாரு?"

"மாமா மட்டும்தான். வந்துட்டிருக்காரு." அதற்குமேல் என்ன கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. "முட்டியில அடி பட்டிருக்கா?"

"முட்டியிலயா? ஒரு கீறல்கூட இல்ல."

விழுந்தால் அடிபடாமல் இருக்க உள்ளே பேட் வைத்த, பைக் ஓட்டுபவர்களுக்கான அந்த ஜீன்ஸைத் தேர்ந்தெடுத்தது அவள்தான். அம்மாவுக்கு பைக்கில் க்ளினிக் க்ளினிக்காகப் போய் ரத்த சாம்பிள் வாங்கி லேபில் சேர்க்கும் வேலை. கடையில் கண்ணாடி முன்னால் நின்ற அம்மாவை, "நின்னு பாத்தா என்ன தெரியும்? வண்டியில உக்காரு. பேட் முட்டிக்கு நேரா வரணும்" என்று அங்கே நிறுத்தியிருந்த பைக்கில் ஏற்றினாள். இடுப்புக்கும் இரண்டு பேட் உண்டென்று கடைக்காரர் நீட்டியபோது அம்மா சிரித்தாள். "எனக்கு இருக்கற இடுப்பு பத்தாதாங்க?"

ஆனாலும் தினமும் வைத்துக்கொண்டாள்.

இன்று காலை பள்ளியில் பெற்றோர் கூட்டம். கேட்டில் அம்மாவைப் பார்த்ததும் அவள் ஓடிவந்தாள். "ஐயோம்மா, ரெண்டு பக்கமும் துருத்திட்டு டிரம் மாதிரி இருக்க. எல்லாரும் பாக்கறாங்க. அத எடுத்துடேன்."

அம்மா பாத்ரூமுக்குள் போய், கையில் பேட்களோடு வந்தாள். "இந்தாங்க மகாராணி, உங்க பையில வைங்க. போறப்ப வாங்கிக்கறேன்."

கூட்டம் முடியும்போதே லேபிலிருந்து போன். அம்மா கையசைத்துவிட்டு ஓடினாள். இவளும் வகுப்புக்கு ஓடினாள். இரண்டு தெரு தள்ளி, திருப்பத்தில், ஒரு வேன்.

பேட்கள் இப்போதும் அவள் புத்தகப் பையில் இருந்தன.

மாமா வந்தார். அழவில்லை. நர்ஸ் கொடுத்த கவரைப் பிரித்து ஜீன்ஸை மடியில் விரித்தார். மெக்கானிக் கை; ஒவ்வோர் இடமாக அழுத்திப் பார்த்தது. முட்டியில் பேட் இருந்தது. இடுப்பில் விரல் உள்ளே போய் வெறுமனே திரும்பியது. மறுபக்கமும் அப்படியே.

"இங்க வைக்கற பேட் எங்க?"

அவள் புத்தகப் பையின் ஜிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கூடப் படிச்சவனாச்சேன்னு அந்தக் கடைக்கு அனுப்புனதே நான்தான். முழுசா குடுக்காம ஏமாத்தியிருக்கான் பாரு." எழுந்துவிட்டார். "நீ இங்கயே இரு வாலு. அவன இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துட்டுத்தான் வருவேன்."

"மாமா, போகாதீங்க."

அவர் காதில் விழவில்லை. வாசலில் ஹெல்மெட்டை மாட்டி, கண்ணாடியை இறக்கி, வண்டியைக் கிளப்பினார். சொல்லாவிட்டால் அந்தக் கடைக்காரரை அடித்துவிடுவார். சொன்னால், அவளுக்கென்று மிச்சமிருக்கும் ஒரே ஆளும் இனி அவள் முகத்தில் விழிக்கமாட்டார். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். நோட்டுகளைத் தள்ளி, இரண்டு பேட்களையும் எடுத்து நீட்டினாள்.

"அவரு குடுத்தாரு மாமா. அம்மா தினமும் வச்சுக்குவா. இன்னிக்கு நான்தான் எடுக்கச் சொன்னேன். பாக்க நல்லா இல்லன்னு..."

எஞ்சின் நின்றது.

மாமா இறங்கவில்லை. கை நீட்டி வாங்கவும் இல்லை. அவர் முகத்தைப் பார்க்க அவள் கிட்டே போனாள். ஹெல்மெட் கண்ணாடி உள்ளிருந்து மங்கியது. தெளிந்தது. மறுபடி மங்கியது.