அரை இஞ்சு வலை

முத்துவடிவு சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் ஹஸீபா கோழிக்கூடு கட்ட இறங்கினாள்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், மேலகரம் தாண்டி உள்ளே தள்ளி, வயலை மனை போட்டு விற்ற இடத்தில் இதுவரை எழும்பியிருப்பது இரண்டே வீடுகள். ஒன்று ஹஸீபாவுடையது. கணவன் முஃபீத் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். ஏழு வயது மகள் ஷிஃபாவோடு அவள் மட்டும் இங்கே. இன்னொன்று முத்துவடிவுடையது. ஐம்பது வயதுக்காரி, கனத்த உடம்பு. புருஷன் போலீஸ், தூத்துக்குடிப் பக்கம் டியூட்டி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு நாலடிச் சுவர். ஹஸீபாவின் கோழிகள் மூன்றாவது தடவையாக அந்தச் சுவரைத் தாண்டிப் போய் மிளகாய் நாற்றைக் கிளறிப் போட்ட அன்று, முத்துவடிவு சுவரோரம் வந்து நின்றாள்.

"அடைச்சு வளக்க வக்கில்லேன்னா, கோழி எதுக்குட்டி ஒனக்கு?"

ஹஸீபா கோழிகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது.

ஆசாரியைக் கூப்பிட்டுப் பார்த்தாள். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது, கடை போடுகிற வேலையே தலைக்கு மேல் கிடக்கிறது, ஆடி கழியட்டும் என்றார் அவர். அதற்குள் கீரி வந்து இரண்டு கோழியைக் கொண்டு போனது. ஒருநாள் காலையில் கழுத்தில்லாத கோழியைப் பார்த்து ஷிஃபா அழுத அழுகையில், நாமே கட்டினால் என்ன என்று ஹஸீபாவுக்குத் தோன்றியது. போனில் வீடியோ பார்த்தாள். வீடு கட்டியபோது மிஞ்சிய சென்ட்ரிங் பலகைகள் பின்னால் கிடந்தன. தகரமும் இருந்தது. மற்றதையெல்லாம் தென்காசி பஜாரில் வாங்கி ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தாள்.

ரம்பத்தை அதற்கு முன்னால் அவள் கையில் எடுத்ததே இல்லை. முதல் நாள் நட்ட கால் மறுநாள் சாய்ந்து நின்றது. பிடுங்கிப் போட்டு, குழியை இன்னும் ஆழமாகத் தோண்டி, மறுபடி நட்டாள். கட்டை விரல் நகம் கறுத்துப்போனது. மூன்று வாரத்தில், எட்டடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரத்தில் அது எழும்பி நின்ற பிறகு, தினமும் காலையில் அடுப்பைப் பற்ற வைக்கும் முன்பே போய் ஒருமுறை பார்த்துவிட்டு வருவாள். சுற்றிலும் அடித்தது அரை இஞ்சு வெல்டு மெஷ். ஒரு விரல்கூட நுழையாது. கீரி மண்ணைத் தோண்டிக்கொண்டு வரக்கூடாது என்று வலையின் அடிப்பாகத்தை ஒரு முழம் மண்ணுக்குள் இறக்கிச் சிமெண்ட் போட்டாள். கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு இரும்புக் கொண்டி. கதவைச் சாத்தினால் அதுவாகவே விழுந்து மாட்டிக்கொள்ளும்படி வைத்திருந்தாள். பூட்ட மறந்துவிட்டோம் என்ற பேச்சே வரக்கூடாது.

அன்று புதன்கிழமை. வேலை அநேகமாக முடிந்திருந்தது. அடைக்கு உட்கார்ந்திருந்த செங்கோழியை முட்டைகளோடு பனையோலைக் கடகப்பெட்டியில் வைத்து, காலையிலேயே கூட்டின் ஒரு மூலையில் விட்டிருந்தாள். மத்தியானம் அந்தக் கோழி வெளியே வந்து, துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்று விடாமல் கத்தியது. இரை தேடி வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். சாரல் விட்டிருந்தது. செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று மட்டும் சுழற்றிச் சுழற்றி அடித்தது. கடைசி மூலையில் வலை கொஞ்சம் விரிந்து நின்றதை உள்ளேயிருந்து கட்ட வேண்டும். கட்டிங் பிளேயரையும் கட்டுக்கம்பியையும் எடுத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, குனிந்து உள்ளே போனாள். போனும் சுத்தியலும் துவைக்கிற கல்லில் இருந்தன.

மூலைக்குப் போய்க் குத்தவைத்து, விரிந்த வலையை இழுத்துச் சேர்த்து இரண்டு முடிச்சுப் போட்டிருப்பாள். ஒரு காற்று வந்தது. கதவு அறைந்து சாத்தியது. கொண்டி விழுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. கம்பியை வளைத்து வலைக்குள் விட்டு நெம்பினால் கொண்டி தூக்கிக்கொள்ளும். கம்பியை ஒரு முழம் வெட்டிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினாள். அப்போது கடகப்பெட்டியிலிருந்து வைக்கோல் சரசரவென்று சரிந்தது.

கோழி வெளியேதான் நிற்கிறது என்பது அவளுக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. வந்தபோது உடம்பு அப்படியே நின்றுவிட்டது.

பெட்டியின் விளிம்புக்கு மேலே தலை எழுந்தது. பிறகு கழுத்து. கழுத்து விரிந்தது. நல்ல பாம்பு. அவ்வளவு பக்கத்தில் அவள் பார்த்ததே இல்லை. அது பெட்டியிலிருந்து இறங்க இறங்க உடம்பு வந்துகொண்டே இருந்தது. நாலரை அடிக்குக் குறையாது. நடுவில் இரண்டு மூன்று இடத்தில் புடைத்திருந்தது. முட்டை.

அதற்கும் வெளியே போக வேண்டியிருந்தது. திறந்திருந்த கதவு வழியாகத்தான் வந்திருக்கும். இப்போது அந்த வழி இல்லை. மூக்கை வலையில் ஒவ்வொரு ஓட்டையாக வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டு, வலையோரமாகவே ஊர்ந்தது. ஒரு ஓட்டையிலும் அதன் தலை நுழையவில்லை. எங்கேயாவது ஒரு இடத்தில் வலை பிய்ந்திருக்கக் கூடாதா என்று ஹஸீபா ஏங்கினாள். பிய்ந்திருக்காது. ஒவ்வொரு ஆணியையும் அவளே இழுத்துப் பார்த்திருக்கிறாள்.

அது வலையோரமாகவே வந்தால் அடுத்தது அவள் உட்கார்ந்திருக்கிற மூலை.

நகர இடமில்லை. நிமிரவும் முடியாது, தலைக்கு மேல் தகரம். முதுகை வலையில் ஒட்டிக்கொண்டு மூச்சை அடக்கினாள். உதடு மட்டும் ஓதியது. என்ன ஓதுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பாம்பு அவள் வலது கால் பெருவிரலுக்கு முன்னால் வந்து நின்றது. நாக்கு வந்து வந்து போனது. பிறகு பாதத்தின் மேலேயே ஏறியது. ஜில்லென்று இருக்கும் என்று எண்ணியிருந்தாள். அப்படியில்லை. காய்ந்துபோய், வழவழப்பாக, எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. அது முழுசாகக் கடந்து போகும்வரை அவள் கண்ணை மூடவில்லை. மூடினால் கால் உதறிவிடும் என்று பயந்தாள். நைட்டி நனைந்து தொடையில் ஒட்டியது பிறகுதான் தெரிந்தது.

இரண்டு சுற்று சுற்றியது. இரண்டாவது சுற்றில் அவள் பக்கம் வராமல், கதவின் கீழே, நிலைக்கட்டையை ஒட்டிச் சுருண்டு படுத்துக்கொண்டது. தலை மட்டும் வெளிச்சத்தைப் பார்த்து இருந்தது.

நேரம் என்ன என்று தெரியவில்லை. முத்துவடிவின் வீட்டில் டிவி ஓடுகிற சத்தம் காற்றில் விட்டு விட்டு வந்தது. கூப்பிடலாம். இரண்டு மாதமாக முகம் பார்க்காதவளை என்னவென்று கூப்பிட? அந்த நிலையிலும் அந்த யோசனை வந்ததை நினைத்து அவள் பிற்பாடு பல தடவை வெட்கப்பட்டிருக்கிறாள். கடைசியில் "அக்கா" என்று கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். காற்று அதை வயல் பக்கம் கொண்டு போனது. பாம்பு தலையைத் தூக்கியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு ஒலித்தது.

அதைக் கேட்டதும் இதுவரை இருந்த பயம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. பாங்கு சொன்ன கால் மணி நேரத்தில் பள்ளிக்கூட வேன் வந்துவிடும். ஷிஃபா வீட்டுக்குள் தேடிவிட்டு நேரே இங்கேதான் ஓடிவருவாள். உம்மா கூட்டுக்குள் மாட்டிக்கொண்டதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கொண்டியைத் தூக்குவாள். கொண்டி அவள் கைக்கு எட்டும். எட்ட வேண்டும் என்றுதான் அந்த உயரத்தில் வைத்தது. கதவு திறந்தால் முதலில் வெளியே வருவது நிலைக்கட்டையில் கிடக்கிறதுதான். குழந்தையின் கால் அங்கே இருக்கும்.

ஹஸீபா முதுகுக்குப் பின்னால் இருந்த வலையைப் பார்த்துத் திரும்பினாள். பாம்புக்கு முதுகைக் காட்டவும் மனமில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒரு கண் அங்கே, ஒரு கண் இங்கே என்று, கட்டிங் பிளேயரால் முதல் கம்பியை வெட்டினாள். டிக்கென்று தெறித்தது. பாம்பின் தலை எழுந்தது. காத்திருந்தாள். தலை தாழ்ந்தது. அடுத்த கம்பி.

அரை இஞ்சுக்கு ஒரு கம்பி. அவள் உடம்பு நுழைகிற அளவு ஓட்டைக்கு நூறு கம்பியாவது வெட்ட வேண்டும். நல்ல கம்பியாகப் பார்த்துத் தடித்ததை வாங்கியிருந்தாள். பத்தாவது கம்பியில் உள்ளங்கை கொப்பளித்தது. இருபதாவதில் கொப்பளம் உடைந்தது. பிடி வழுக்கியது, நைட்டியில் துடைத்துக்கொண்டு வெட்டினாள். எண்ணுவதை விட்டுவிட்டாள். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் தொடங்கும்போது, ரோட்டில் வேன் ஹாரன் அடித்தது.

"ஷிஃபா, வராத! பின்னால வராத!"

அவளுக்கே தெரியாத ஒரு குரல் அது. ஆனால் குழந்தைக்கு அதில் உம்மாவின் சத்தம் மட்டும்தான் கேட்டது. சத்தம் வந்த திசையைப் பார்த்துப் பை குலுங்க ஓடிவருகிற காலடி ஹஸீபாவுக்குக் கேட்டது. வீட்டு மூலையில் நீலச் சீருடை தெரிந்தது. "உம்மா, கூட்டுக்குள்ள என்ன செய்யுதீங்க?" என்று சிரித்துக்கொண்டே குழந்தை கதவுக்கு வந்தாள். பாம்பு எழுந்து படமெடுத்தது.

அந்தக் கூச்சல் கேட்டு, சுவரின் மறுபக்கத்திலிருந்து முத்துவடிவு தாண்டியதை ஹஸீபா பார்க்கவில்லை. விழுந்த சத்தத்தைத்தான் கேட்டாள். நாலடிச் சுவரை அந்த உடம்போடு எப்படித் தாண்டினாள் என்று முத்துவடிவாலேயே பிறகு சொல்ல முடியவில்லை. முழங்கை தேய்ந்து ரத்தம் வழிய எழுந்து வந்து, கொண்டியில் கை வைத்திருந்த குழந்தையை இடுப்போடு வாரித் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். அப்புறம்தான் வலைக்குள் பார்த்தாள். அவளுக்கும் முகம் வெளிறிப்போனது. குழந்தையை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, கூட்டின் பின்பக்கமாகச் சுற்றி வந்து, ஹஸீபாவுக்கு நேர் எதிரே, வலைக்கு வெளியே மண்டியிட்டாள்.

"பிள்ள உள்ள இருக்கா. ஒண்ணுமில்ல. நீ வெட்டு."

ஹஸீபாவின் தலை தானாகப் பாம்பின் பக்கம் திரும்பியது.

"அங்கன பாக்காத ஏட்டி. அத நான் பாத்துக்கிடுதேன். நீ என் மூஞ்சியப் பாரு."

ஹஸீபா அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே வெட்டினாள். முத்துவடிவின் கண் ஹஸீபாவின் தோளுக்கு மேலாகவே இருந்தது. ஒருமுறை அந்தக் கண் பெரிதாகி விரிந்தது. வாய் மட்டும் "வெட்டு, வெட்டு" என்றது. என்ன நடந்தது என்று ஹஸீபா கேட்கவில்லை. மூன்றாவது பக்கத்தில் பாதி வெட்டும்போதே முத்துவடிவு வலையை இரண்டு கையாலும் பிடித்து வெளியே மடக்கினாள். கம்பி நுனி அவள் கையைக் கிழித்தது. ஹஸீபா தலையை நுழைத்தாள். தோள் மாட்டியது. அக்குளில் கை கொடுத்து முத்துவடிவு இழுத்த இழுப்பில், நைட்டி முதுகு நெடுகக் கிழிய, இருவரும் சேர்ந்து மண்ணில் விழுந்தார்கள். முத்துவடிவு அவளை எழுப்பவில்லை. கிடந்தபடியே தரதரவென்று துவைக்கிற கல்வரை இழுத்துக்கொண்டு போய், தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் முதுகில் போர்த்தினாள்.

தீயணைப்பு நிலையத்துக்கு முத்துவடிவுதான் போன் செய்தாள். இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். அதற்குள், ஹஸீபா வெட்டிய ஓட்டைக்குப் பக்கத்தில் பாம்பு வந்திருந்தது. நீளக் கம்பியால் அதைத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் விட்டு மூட அவர்களுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மலைப்பக்கம் கொண்டு போய் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். கூடு யார் கட்டியது என்று கேட்ட ஒருவர், நல்லா உறுதியா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹஸீபாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல். முத்துவடிவு கஞ்சி கொண்டுவந்தாள். நாற்றைப் பற்றியோ அன்று பேசியதைப் பற்றியோ இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. முஃபீத் போனில், கோழியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றான். அவள் சரி என்றாள். பாதம் நெடுக ஏதோ ஊர்வதுபோல இருக்க, உட்கார்ந்த இடத்தில் அடிக்கடி கால்களைத் தூக்கிக்கொண்டாள். பின்கதவைத் திறக்கவே இல்லை. கோழிகள் முருங்கை மரத்தில் அடைந்தன. ஒன்பதாம் நாள் கீரி மறுபடி ஒன்றைக் கொண்டு போனது.

அன்று காலை, நல்ல வெயிலில், மிஞ்சிய வலைத் துண்டை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனாள். முத்துவடிவைக் கூப்பிட்டாள். இந்தமுறை முதல் தடவையிலேயே கேட்டது. வெட்டிய ஓட்டையை வெளியேயிருந்தே பெரும்பாலும் கட்டி முடித்தாள். நாலு முடிச்சை உள்ளேயிருந்துதான் போட வேண்டும். முத்துவடிவு கதவை விரியத் திறந்து, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். ஹஸீபா உள்ளே போனாள். முதல் முடிச்சுக்குக் கம்பி பிடிபடவில்லை. "மெதுவா போடு, நான் எங்கயும் போவல" என்று குரல் வந்தது. நாலு முடிச்சும் போட்டுவிட்டு வெளியே வந்து, வாய்க்கால் ஓரம் போய் வாந்தி எடுத்தாள்.

இப்போது கூட்டில் ஒன்பது கோழிகள் இருக்கின்றன. முட்டை எடுக்க அவளே போகிறாள், ஷிஃபாவை விடுவதில்லை. கை வைக்கும் முன் நீளக் கம்பால் வைக்கோலைக் கிளறுகிறாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் மறுபடி ஒருமுறை கிளறுகிறாள். அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை உள்ளே விடுகிறாள்.