எல்லாத்துக்கும் அஞ்சு

ஆத்தூர்ப் பக்கம் தக்காளி பறிக்கப் போகும் பெண்களின் மனநிலைதான் என் முனைவர் பட்ட ஆய்வு. படிப்பின் பெயர் சமுதாய உளவியல். "இதுக்கெல்லாமா பட்டம் குடுக்குறாங்க?" என்று திண்டுக்கல்லில் என் வீட்டார் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள். நானும் பதில் சொல்லி ஓய்ந்துபோனேன்.

வீட்டில் நிம்மதி உண்டா, உங்கள் பேச்சுக்கு மதிப்பு உண்டா என்று ஒவ்வொருவரிடமும் கேட்பேன். ஒன்று என்றால் இல்லவே இல்லை, அஞ்சு என்றால் நிறைய. எல்லாரும் அஞ்சு அஞ்சு என்றே சொன்னார்கள். என் நெறியாளர் பிராங்கிளின் சாருக்கு வாயெல்லாம் பல். இந்தப் பெண்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று முடிவுரையை அவரே சொல்ல, நான் எழுதினேன்.

போன வாரம் நன்றி சொல்ல இனிப்போடு தோட்டத்துக்குப் போனேன். சண்முகவள்ளி அக்கா இடக்கையால் சோறு அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலக்கை மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது.

"என்னக்கா ஆச்சு?"

"என்ன ஆகும்? வீட்டுல அந்தாளு பிடிச்சுத் தள்ளிட்டான். புதுசா என்ன?"

"நிம்மதிக்கு அஞ்சுன்னு சொன்னீங்களேக்கா!"

"ஏம்மா, மார்க்கு ஒனக்குத்தான? இம்புட்டு வெயில்ல வாரியே, புள்ள பாசாகட்டும்னு எல்லாரும் பேசி வச்சுத்தான் அள்ளிப் போட்டோம். ஒன்னு ரெண்டுன்னு சொன்னா நீ பெயிலாப் போயிருவியே" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள், "பாசாயிட்டியா?" என்று ஆசையாகக் கேட்டார்கள்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இவ்வளவு பிரியத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அந்த ஊருக்கு ஒரு ஆலோசனை மையம் கேட்கத்தான் ஆய்வையே தொடங்கினேன். இப்போது அது வேண்டாம் என்று நானே எழுதி வைத்திருக்கிறேன்.

மறுநாள் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மறுபடியும் போய்க் கேக்கணும் சார்."

"மே மாசம் நான் ரிட்டயர்டு. ஒம் பதிவுக் காலமும் அதோட முடியுது. வேற யாரும்மா ஒன்ன எடுப்பாங்க? அவங்க சொன்னத எழுதிருக்க. இதுல பொய் எங்க இருக்கு?" என்றபடி, 'தகவல்கள் யாவும் உண்மை' என்ற உறுதிமொழித் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

விட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம். போனால் இத்தனை வருடமும் போச்சு. கையெழுத்துப் போட்டேன்.

சார் சந்தோஷமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் மகளுக்கு டியூஷன் எடுத்தது, அவர் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் பதிந்தது, அவர் பெயரில் கட்டுரை எழுதியது எல்லாம் நான்தான். வாய்மொழித் தேர்வு இன்னும் பாக்கி, அதுவும் அவர் கையில்தான்.

"இத்தன வருசத்துல எங்கிட்ட ஒனக்கு ஏதும் மனக்கொற உண்டாம்மா?"

"ஒன்னும் இல்ல சார். ரொம்ப நிம்மதியா இருந்தேன்."