வேகாத பாறை

தொள்ளாயிரம் மீட்டர் ஆழத்தில் எடுத்து ஆய்வுக்கூடத் தட்டில் வைத்திருந்த பாறைத்துண்டிலிருந்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் பதினான்கு நத்தைகள் ஊர்ந்து வெளியே வந்தன. வெளியே வெயில், மின்விசிறி இரண்டாம் எண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. நிலவியல் நிபுணர் தட்டை மூடி வைத்துவிட்டு உப்புத்தண்ணீர் கலக்கப் போனாள்.

அந்தப் பாறை ஒரு காலத்தில் கடலின் அடிச்சேறு. ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் செத்த உயிர்கள் அதில் படிந்து, மேலே மேலே மண் விழுந்து, இறுகிக் கல்லாகியிருந்தன. பூமியின் சூட்டில் பக்குவமாக வெந்திருந்தால் எண்ணெய் கிடைக்கும். வேகாவிட்டால் வெறும் கல். வெந்ததா இல்லையா என்று சொல்வதுதான் அவள் வேலை. எண்ணெய் நிறுவனம் மூன்றாண்டுகளாகத் துளை போட்டது குன்றுத்தெருவுக்குக் கீழே. வெந்தது என்று அவள் எழுதினால் அறுபத்திரண்டு வீடுகள் காலியாக வேண்டும். அதில் ஒன்று அவளுடைய அக்காவின் வீடு. "என் வீட்டுக்கு அடியில தோண்டித்தான் நீ சம்பளம் வாங்கணுமா?" என்று கேட்டுப் போனை வைத்த அக்கா, அதன் பிறகு ஐந்து மாதமாகப் பேசவில்லை. தங்கைக்குச் சோறு இறங்கவில்லை. பொய் எழுதவும் கை வரவில்லை. பாறைக்குள் இருந்த நுண்ணிய ஓடுகள் மஞ்சளாக இருந்தால் வேகவில்லை, பழுப்பாக இருந்தால் வெந்தது. அவையோ இரண்டுக்கும் நடுவில் நின்று அவளை இழுத்தடித்தன.

மதியம் மேலாளர் வந்து நத்தைகளை எண்ணினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். பதினைந்தாகியிருந்தன.

"இதை அறிக்கையில என்னன்னு போடுவீங்க?"

"வேகலைன்னு போடுவேன் சார். வெந்திருந்தா எழுந்து வருமா?"

அவர் பேனாவை எடுத்தார். "அதுவும் சரிதான்" என்று கையெழுத்துப் போட்டார்.

மற்ற துளைகளின் பாறையையும் உப்புத்தண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றிலிருந்து இறால் மாதிரி ஏதோ வந்தது. அந்த வாரமே நிறுவனம் துளைகளை சிமென்ட் போட்டு அடைத்துவிட்டுக் குழாய்களை லாரியில் ஏற்றியது. கடைசி லாரி தெருமுனையைத் தாண்டியதும் அறுபத்திரண்டு வீட்டாரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டதில் குன்று நான்கு அடி தாழ்ந்தது. ஒரு சுவரும் விரிசல் விடவில்லை. நில அளவையர் வந்து புதிய உயரத்தைக் குறித்துக்கொண்டு போனார். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏறுவது சுலபமாயிற்று.

திங்கட்கிழமை அக்கா ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டாள். மன்னிப்பு என்று யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் குனிந்து தட்டைப் பார்த்தாள்.

"எத்தனை வருஷமா உள்ள இருந்துச்சு?"

"ஏழு கோடி."

"அவ்வளவு நாளும் ஒண்ணும் சாப்பிடாமலா?"

தங்கை அதை யோசித்ததே இல்லை. அக்கா பையிலிருந்த கீரைக்கட்டைப் பிரித்து, இளசான இலையாகப் பார்த்துக் கிள்ளிப் போட்டாள். ஒரு நத்தை கொம்பை நீட்டித் தடவிப் பார்த்துவிட்டுத் தின்ன ஆரம்பித்தது.

"நீயும்தான் இளைச்சுப் போயிட்ட" என்றாள் அக்கா, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தங்கை இறால் இருந்த தட்டின் மூடியையும் திறந்து அக்கா பக்கம் நகர்த்தினாள்.